எம்.டி.யே வாங்கியிருக்கார்

நான் மேல் வீட்டு அக்காவிடம் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு முறைகூட மனம் ஒப்புக்கொள்ளவில்லை.

சிட்லபாக்கத்தில் நாங்கள் கீழ் வீடு, அவர் மேல் வீடு. தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர், தனி ஆள். சொந்தம் ஒன்றும் கிடையாது என்றாலும் பதினோரு வருடமாக எனக்கு அக்கா. நான் நாவலூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையில் ஆபீஸ் வேன் மேடவாக்கம் நெரிசலில் நிற்கும்போது மற்றவர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் சீரியல் பார்ப்பார்கள். நான் மட்டும் பங்குச் சந்தைக்குக் கம்பெனிகள் அனுப்புகிற அறிவிப்புகளைப் படிப்பேன். அதிலும் ஒரே ஒரு வகைதான். எந்த டைரக்டர் தன் சொந்தக் கம்பெனியின் பங்கை வாங்கினார், எவர் விற்றார் என்பது. வாங்கினாலும் விற்றாலும் சில நாட்களுக்குள் அவர்கள் ஊருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கம்பெனித் தலைவர்கள் பேட்டியில் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். ஓட்டல் முதலாளி மத்தியானம் தன் கடையிலேயே சாப்பிடுகிறாரா, வீட்டிலிருந்து கேரியர் வருகிறதா என்று பார்த்தால் போதும், மெனு கார்டைப் படிக்கத் தேவையில்லை. இதுதான் என் சித்தாந்தம். விற்றால் நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பார், இல்லை வீடு கட்டுவார். பேருக்கு நூறு பங்கு வாங்கிப் படம் காட்டுகிறவர்களையும் கண்டுகொள்ள மாட்டேன், அவர்கள் சம்பளத்துக்கு அது சுண்டல் வாங்கும் காசு. ஆனால் விலை இறங்கிக் கிடக்கும் நேரத்தில், சம்பளம் தரும் இடத்திலேயே ஒருவர் கைக்காசையும் கணிசமாகப் போடுகிறார் என்றால் உள்ளே ஏதோ நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் கேட்பவர் கேட்காதவர் எல்லோரிடமும் விளக்குவேன். என் கணவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அக்கா மட்டும் உட்கார்ந்து கேட்பார்.

"எங்க கிறிஸ்தவங்களுக்குப் பங்குன்னா கோயில்மா. பங்குக்கு ஒரு சாமியார் இருப்பார். உன் பங்குக்கு யாரு சாமியார்?" என்று ஒருநாள் கிண்டல் செய்தார். "எம்.டி.தான்க்கா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவருக்குக் குரல் கட்டிக்கொண்டது. ஜலதோஷம் என்று மிளகுப் பால் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகியும் சரியாகாததால் பல்லாவரத்தில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது, கத்துவதை நிறுத்துங்கள், முடிந்தால் வேலையை விட்டுவிடுங்கள் என்றார் அவர். நாற்பது பிள்ளைகள் இருக்கும் மூன்றாம் வகுப்பில் கத்தாமல் எப்படிப் பாடம் நடத்துவது? அக்காவுக்குப் பென்ஷனும் கிடையாது. அம்மாவின் வீட்டை விற்றதில் வந்த தொகை வங்கியில் கிடந்தது. அது இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அடுத்த ஏப்ரலோடு நின்றுவிடலாம் என்பது அவர் எண்ணம்.

"நல்லதா ஒண்ணு பார்த்துச் சொல்லேன்மா. நீ பார்க்கறதுதானே" என்றார், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை வேனில் அது கண்ணில் பட்டது. பம்புக்கு உதிரி பாகம் செய்கிற சின்னக் கம்பெனி, விலை நன்றாக இறங்கியிருந்த நேரம். அதன் எம்.டி. பெயரில் ஏகப்பட்ட பங்குகள் சேர்ந்திருந்தன. என் போனில் அந்த அட்டவணை முழுசாகத் தெரியாது. பெயர், பதவி, எத்தனை பங்கு என்பதோடு திரை முடிந்துவிடும், மற்றதைப் பார்க்க வலது பக்கம் தள்ள வேண்டும். சரியாக அப்போது வேன் பிரேக் போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். போடவில்லை. எனக்குப் பொறுமையில்லை, அவ்வளவே. பங்குகள் அவர் கைக்கு வந்தன என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது. அதை நான் மனசுக்குள் வாங்கினார் என்று மாற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் மாடி ஏறினேன். "எம்.டி.யே வாங்கியிருக்கார்க்கா" என்று சொல்லி, அந்த அறிவிப்பையும் அவர் போனுக்கு அனுப்பினேன்.

"அவரே காசு போட்டிருக்கார்னா நாமளும் தைரியமா போடலாம், இல்ல?"

"தாராளமா."

அக்காவின் போனில் கணக்குத் திறந்து கொடுத்தது நான். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியதும் நான்தான். அம்மா வீட்டுப் பணத்தில் பெரும்பகுதி அதில் போனது. நானும் கொஞ்சம் போட்டேன்.

ஆடியில் ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேறு எதையோ தேடும்போது அந்த அட்டவணை பெரிய திரையில் முழுசாக விரிந்தது. கடைசிக் கட்டத்தில் எப்படி வந்தது என்று போட்டிருந்தார்கள். கிஃப்ட். அப்பா தன் பெயரில் இருந்த பங்குகளை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள் நடந்த பாகப் பிரிவினை. எம்.டி. தன் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. ஒளிவுமறைவே இல்லாமல் அவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள், படிக்காதது நான்.

அப்போது நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் என் பங்குகளை விற்றேன். வாங்கியதைவிடச் சற்றுக் கூடுதல் விலைதான் கிடைத்தது. அக்காவுக்கும் ஒரு போன் போட்டிருக்கலாம். அவர் அப்போது வகுப்பில் இருப்பார், சாயங்காலம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாடிப்படியில் நின்றுகொண்டு, "எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. கீழ் வீட்டுப் பொண்ணு கம்பெனி அறிக்கையெல்லாம் அலசிடுவான்னு சொல்லி வச்சிருக்கேன்" என்கிறார். அந்த முகத்தைப் பார்த்து நான் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். விலை ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். வாங்கினார் என்றுதானே சொன்னேன்? கடையில் காசு கொடுத்தாலும் வாங்கினேன் என்கிறோம், அப்பா கையிலிருந்து பெற்றுக்கொண்டாலும் வாங்கினேன் என்கிறோம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், வீட்டில் திட்டு வாங்குகிறோம். எதற்கும் நாம் காசு கொடுப்பதில்லை. அப்படிப் பார்த்தால் எம்.டி.யும் வாங்கித்தான் இருக்கிறார், நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்காக நானே இப்படி வாதாடுவேன். கேவலமான வக்கீல்.

தீபாவளிக்கு அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. கிறிஸ்துமஸுக்குள் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. அக்கா எப்போதும்போலக் கேக்கும் முறுக்கும் தட்டில் வைத்து, மேலே துணி போட்டு மூடிக் கொண்டுவந்தார். பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கேக்கை நான் தொடவில்லை. என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் வந்தது, போனது. அக்கா நிற்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது ஒரு சின்ன மைக் வாங்கிக் காலரில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். வீட்டில் பேச்சே கிடையாது. பால்காரருக்கும் தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இருக்கிற குரலைப் பிள்ளைகளுக்கு என்று மிச்சம் பிடித்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மொட்டை மாடியில் கோதுமை கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஏதோ கேட்க நினைத்து, சீட்டும் பேனாவும் தேடினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டேன். அந்த எம்.டி. காசு போட்டு வாங்கவில்லை, அது அவர் அப்பா கொடுத்தது, நான் கடைசிக் கட்டத்தைப் பார்க்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

அக்கா கோதுமையைத் துழாவிக்கொண்டே இருந்தார். பிறகு, காற்றும் குரலும் கலந்து, "தெரியும்மா" என்றார்.

"எப்படிக்கா?"

"நீ அனுப்பின அந்தப் பேப்பரை ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரமே. கிஃப்ட்னு இருந்துது."

"ஏன் என்னைக் கேக்கல?"

"தினமும் பார்க்கறவ நீ. உனக்குத் தெரியாமலா இருக்கும்? அது தப்பா இருந்தா நீ சொல்லியிருப்பே. நீ பேசாம இருந்தே, அப்ப பயமில்லைன்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "விலை இறங்கறப்பகூட நீ ஒண்ணும் சொல்லலை. அவளும் வச்சிருக்கா, நாமளும் வச்சிருப்போம்னுதான் இருந்தேன்."

இதோடு விட்டுவிட்டுக் கீழே போயிருக்கலாம். அவர் மன்னித்தும் இருப்பார். ஆனால் அவ்வளவு நாள் அவர் பார்த்துக்கொண்டிருந்தது எம்.டி.யை அல்ல, என்னை.

"நான் வச்சிருக்கலைக்கா" என்றேன். "கிஃப்ட்னு தெரிஞ்ச அன்னிக்கே வித்துட்டேன். போன ஆடியில."

அக்காவின் கை கோதுமையில் நின்றது.

"எம்.டி. வித்தா நாலு நாள்ல ஊருக்கே தெரியும்னு சொல்லுவியே," என்றார். "நீ வித்ததை எங்கே போடுவாங்கம்மா, நான் பார்க்கறதுக்கு?"

கடைசிச் சொற்கள் வெறும் காற்றாகத்தான் வந்தன. கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.