மேடத்தின் படுக்கைப்புண்

எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்குப் படுக்கைப்புண் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. காலமெல்லாம் நர்ஸாக இருந்தவள் ஒருவருடைய புண்ணைக் கேட்டுச் சந்தோஷப்படலாமா என்று யாராவது கேட்டால், பட்டேன் என்பதுதான் என் பதில்.

செய்தியைக் கொண்டுவந்தது அவருடைய மகள். நான் ஓய்வுபெற்று, சாரம் பகுதியில் வீட்டோடு இருந்தேன். ஒரு காலையில் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு வந்தவள் உட்காராமல் நின்றபடியே பேசினாள். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, ஆபரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடந்ததில் முதுகுக்குக் கீழே புண் வந்து குழியாகிவிட்டது, வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ்கள் யாரும் சரியில்லை என்றாள்.

"அம்மா உங்களத்தான் கூட்டிகினு வரச் சொல்றாங்க சிஸ்டர். டிரெஸ்ஸிங்னா உங்க கைதானாம்."

"என்னையா கேட்டாங்க?"

"ஆமா. உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க. பெத்த அம்மா செத்தப்பகூட டியூட்டிய விடாதவங்கன்னு."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சேவை மனப்பான்மையில் சொல்லவில்லை. அவர் கிடக்கிற கோலத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

என் அம்மா செத்த நாளைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே அம்மாவைச் சேர்த்திருந்தேன். இதயம் பலவீனமாகி, காலெல்லாம் நீர் கோத்திருந்தது. அம்மா இருந்தது இரண்டாவது மாடி. எனக்கு டியூட்டி தரைத்தளத்தில், ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில். காலையில் வேலைக்கு இறங்கும் முன் மேலே போய் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். "வரும்போது கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா. தொண்ட வறண்டு கெடக்குது" என்றாள். பதினோரு மணி டீ நேரத்தில் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

டீ நேரத்துக்கு முன்பே மேலேயிருந்து நர்ஸ் போன் செய்தாள். "அம்மாவுக்கு மூச்சு எறங்கிகினே வருதுக்கா. சட்டுனு வாங்க."

என்னோடு இருந்த இன்னொரு நர்ஸை அப்போதுதான் ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வார்டில் நான் ஒருத்திதான். ரவுண்ட்ஸ் வந்த சூப்பரின்டென்டென்ட் அங்கேயே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நோயாளியின் தலைமாட்டில் தொங்கிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்கம்மாவப் பாக்க மேல ஒரு நர்ஸ் இருக்கா. இவங்களப் பாக்க கீழ நீ ஒருத்திதான் இருக்க. ஆள் அனுப்புறேன், வந்ததும் போ."

ஆள் வரவில்லை. அவருடைய அறைக்குப் போன் செய்தேன். "சொன்னேன்ல" என்று வைத்துவிட்டார். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த ஒருவருக்குக் கட்டுத்துணியில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஓடியிருக்கலாமே, மாடிப்படிதானே என்று பிற்பாடு எங்கள் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அப்படி ஒருவரை விட்டுவிட்டு ஓட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. சூப்பரின்டென்டென்டுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அது தெரிந்துதான் என்னை அங்கே நிறுத்தினார்.

நான் ஒருவருக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த நர்ஸ் தானே இறங்கி வந்து வார்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன் எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மாவின் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அன்று காலை வெளிநோயாளிகள் பிரிவிலிருந்த ஒரு நர்ஸைச் சூப்பரின்டென்டென்ட் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பியிருக்கிறார். மருத்துவமனை முதலாளி வீட்டுக் கல்யாணம். வாசலில் சந்தனம், கல்கண்டுத் தட்டோடு நிற்க லட்சணமான பெண் ஒருத்தி வேண்டுமாம்.

இதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். அடுத்து வந்த நர்ஸ் தினத்தில் மேடையேறி என் கதையைச் சொன்னார் பாருங்கள், அதை விழுங்க முடியவில்லை. "மேல அம்மா உயிரு போவுது, கீழ மக நோயாளிய விட்டு நகரல. இதுதான் நர்ஸ்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அவருக்குக் கண்ணீரே வந்தது. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். என் அம்மாவின் சாவை எடுத்து அந்தம்மா தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லித்தான் பாடம் ஆரம்பிப்பார். அந்தப் பெண்கள் என்னிடம் வந்து, "நெஜமா சிஸ்டர்?" என்பார்கள். ஆமாம் என்பேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வேலையும் பிடித்திருந்தது. அழுகிய புண் ஒன்று அடியிலிருந்து சிவப்பாகச் சதை ஏறி மூடுவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு. அதற்கு ஈடாக வேறு எதையும் நான் கண்டதில்லை. அந்த நிறைவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனுஷிக்குக் கீழே காலம் தள்ளினேன்.

சொன்னபடி மறுநாள் போனேன். அவர் வீடு முதலியார்பேட்டையில். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் தெருவில் இன்னும் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்கிறார்கள். கணவர் இறந்துவிட்டார். மகன் பிரான்சில். மகள்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள்.

கட்டிலில் கிடந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில் நடைக்கூடமே அதிர நடந்தவர் கோழிக்குஞ்சு மாதிரி சுருண்டிருந்தார். "வந்துட்டியா" என்றார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினேன். குழிக்குள் என் கட்டைவிரல் முழுதாக இறங்கும். நாற்றம் அடித்தது. உப்புத் தண்ணீரால் கழுவி, செத்த சதையை எடுத்து, துணி வைத்துக் கட்டினேன். முதல் நாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து பேசினேன். மகள் சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் சொல்லுவேன். ஒருநாள் அம்மா கேட்ட சுடுதண்ணீரைச் சொன்னேன். ஒருநாள் வாசலில் வந்து நின்ற நர்ஸைப் பற்றி. இன்னொரு நாள், போட்டோவுக்குச் சிரித்த என் வாயைப் பற்றி. அவரால் திரும்ப முடியாது, எழுந்து போக முடியாது, மணியடித்து என்னை வெளியே அனுப்ப முடியாது. அந்த நேரத்துக்காக நான் காலையிலிருந்து காத்திருப்பேன். என் கை மட்டும் ஒருநாளும் முரட்டுத்தனம் காட்டவில்லை. கை தொழிலுக்கு உரியது. அதை நான் அவருக்காகக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒருநாள் சுவரைப் பார்த்தபடி, "வலிக்குது" என்றார்.

"மெதுவாத்தான் பண்றேன் மேடம்."

"கையச் சொல்லல."

நான் துணியை வைத்து முடித்துவிட்டுத்தான் பேசினேன். "வலிக்கட்டும்."

நான் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு ஆள் இல்ல" என்றார்.

"ஆள் இருந்திச்சி. கல்யாண மண்டபத்துல தட்டு ஏந்திகினு நின்னிச்சி."

அவர் தோள்பட்டை ஒருமுறை ஏறி இறங்கியது. எனக்குத் தெரியாது என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறார் போல.

"உனக்கு இப்ப என்ன வேணும்?" என்றார்.

"உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும்."

அடுத்தடுத்த நாட்களிலும் அதையேதான் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் கட்டு மாற்றிவிட்டு வந்துவிடுவேன். புண் சிவக்க ஆரம்பித்திருந்தது. ஓரங்கள் உள்வாங்கி, குழி மேலே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வழக்கமான நிறைவு வந்தபோது எரிச்சலாக இருந்தது. இந்த உடம்பிலிருந்து எனக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். வராமல் இருக்கவில்லை.

ஒரு காலையில் மகள் காபியோடு உள்ளே வந்து புண்ணை எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா சொன்னது சரிதான் சிஸ்டர். சொந்த அம்மா சாவுக்கே டியூட்டிய விடாதவங்க, வேற எப்படி இருப்பீங்க."

"நான் விடலன்னு யாரும்மா சொன்னது? உங்கம்மாதான் என்னை விடல" என்றேன். "கேட்டுப் பாரு."

மகள் சிரிக்க முயன்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். "என்னம்மா சொல்றாங்க?"

நான் எதிர்பார்த்தது மறுப்பு. மறுத்தால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அவர் சுவரைப் பார்த்தபடியே, "ஆமா" என்றார். "போறேன்னு கேட்டா. நான்தான் விடல. ஆள வேற எடத்துக்கு அனுப்பிட்டேன்."

"அப்ப மேடையில சொன்னது?"

"கேக்கறவங்களுக்கு நல்லாருக்குன்னு சொன்னேன்."

மகள் காபி டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று எனக்கு உடம்பே லேசாக இருந்தது. பேருந்துக்கு நிற்காமல் கடைத்தெரு வழியாக நடந்தே போனேன். வீட்டில் பசித்துச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் பேசிக்கொண்டது தேவைக்கு மட்டும்தான். நான் வருத்தப்படவில்லை. புண் முழுதாக மூடி இளந்தோல் படர்ந்த அன்று, கட்டுப்போட வேண்டியிருக்கவில்லை. அவரைத் திருப்பி மல்லாக்கப் படுக்க வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடும்மா."

"ஆறிப்போச்சு மேடம். ஒரே பக்கமாப் படுத்துக்காதீங்க, மறுபடி வந்துடும்" என்று கையை எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது மகளைப் பார்த்தேன். அம்மா சக்கர நாற்காலியில் உட்காருகிறார், சாயங்காலத்தில் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களக் கேட்டுகினே இருக்காங்க. ஒருதரம் வந்துட்டுப் போங்களேன்" என்றாள்.

"பாக்கலாம்மா" என்றேன்.

போகவில்லை. போவதாகவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.