மூன்றாவது வைன் தோட்டம்

எங்கள் கலியாணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்குப் பிள்ளைகள் ஒரு சுற்றுலாவைப் பரிசாகத் தந்தார்கள். மொன்றியலிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் காரில் ஓடினால், அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, திராட்சைத் தோட்டங்கள் வரிசையாக வரும். அவற்றில் மூன்றைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து வைன் சுவைத்து வரலாம். நாங்கள் இரண்டு பேரும் நத்தார் பண்டிகைக்கு ஒரு கிளாஸ் குடித்தாலே அதிகம். என்றாலும் போக ஆசையாக இருந்தது. யார் கார் ஓடுவது என்ற கேள்வி வந்தபோது கணவர் சொன்னார்:

"உன்ரை கொண்ணையைக் கூட்டிக்கொண்டு போவம். அவர்தானே குடிக்கிறேல்லை."

என் அண்ணை ஒரு காலத்தில் குடித்தவர். குடித்து, குடும்பத்தை இழந்து, பிறகு விட்டவர். மனைவியும் பிள்ளைகளும் ரொறன்ரோவுக்குப் போன வருடம் அவருடைய நிலக்கீழ் அறையில் வாந்தியைத் துடைத்தது நான்தான். ஈரல் பாதி இறுகிவிட்டது, இனி ஒரு துளியும் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னபோதும் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவர் தொடவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். ரொக்ஸ்பரோவில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஐந்து வருடத்தில் நாங்கள் பயப்பட மறந்துபோனோம்.

போன் எடுத்துக் கேட்டேன். "அண்ணை, உங்களுக்கு அது கரைச்சலா இராதோ?"

"எனக்கென்ன கரைச்சல்? நான் ஓடுறன். நீங்கள் குடியுங்கோ."

குரலில் சந்தோசம் தெரிந்தது. குடித்த காலத்தில் குடிக்கிறார் என்று அவரை ஒருவரும் விழாக்களுக்குக் கூப்பிடவில்லை. விட்ட பிறகு, குடிக்காதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கூப்பிடவில்லை.

ஒக்டோபர் மாதம். முதல் தோட்டத்தில் அவர் காரிலேயே இருந்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தபோது கண்ணாடியை இறக்கிவிட்டு, பறவைகள் கொத்தாமல் கொடிகளின்மேல் போட்டிருந்த வலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இரண்டாவது இடத்தில் நானே உள்ளே கூப்பிட்டேன்.

அங்கே ஊற்றித் தந்தது ஒரு இளம் பெண். கிளாஸைச் சுழற்றுங்கள், மணந்து பாருங்கள், வாயில் வைத்துக்கொண்டு பிறகு இந்த வாளியில் துப்பலாம் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனாள். கணவர் துப்பவில்லை. முகம் சிவந்து, நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஒரு வெள்ளை வைனை அண்ணையின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மச்சான், குடிக்க வேண்டாம். சும்மா மணந்து பாரும்."

அண்ணை கண்ணை மூடி மணந்தார். பிறகு, "மண்ணெண்ணெய்" என்றார்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெண் என்னவென்று கேட்டாள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு மொழிபெயர்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தத் திராட்சைக்கு அந்த மணம் இருப்பது உண்மைதான், பயிற்சி எடுத்தவர்களே அதைப் பிடிக்கச் சிரமப்படுவார்கள் என்றாள். அடுத்த கிளாஸை அவளே அவருக்கு நீட்டினாள். அவர் நனைந்த சாக்கு என்றார். அடுத்ததற்கு மிளகு, பழுத்துக் கனிந்த கொய்யா. அவள் தன் குறிப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்கள் அண்ணனுக்கு அபூர்வமான மூக்கு" என்று என்னிடம் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அது எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது தோட்டத்துக்குப் போகும் வழி முழுக்க அவர் கதைத்தார். களஞ்சியத்தில் பெட்டியைத் திறக்காமலே உள்ளே சவர்க்காரமா தேயிலையா என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். மேற்பார்வையாளர்கூட அவரைக் கூப்பிட்டுக் கேட்பாராம். நான் அவரை அப்படிப் பார்த்தே எத்தனையோ வருடம்.

அந்தச் சந்தோசத்தை நீட்டத்தான் நான் அதைச் செய்தேன். மூன்றாவது இடத்தில் தோட்டக்காரக் கிழவர் எங்கள் இருவருக்கும் ஊற்றியபோது, என் கிளாஸை அண்ணையின் பக்கம் தள்ளினேன்.

"வாயிலை வைச்சிட்டுத் துப்பிப்போடுங்கோ அண்ணை. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்."

இதைச் சொன்னது நான்தான். கணவர் அல்ல, வேறு யாரும் அல்ல.

முதலாவதைத் துப்பினார். இரண்டாவதையும் துப்பினார். கடைசியாக வந்தது ஐஸ் வைன். பனிக்காலம் வரை பழத்தைக் கொடியிலேயே உறையவிட்டுப் பிழிவது. தேன் மாதிரி மஞ்சளாக, தடிப்பாக இருந்தது. அதை அவர் வாயில் நெடுநேரம் வைத்திருந்தார். வாளி அவருக்கு முன்னால்தான் இருந்தது. அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கிழவர் பக்கம் திரும்பி, பனியிலிருந்து கொடிகளை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்டேன். கிழவர் மண்ணை அணைத்து மூடுவதைப் பற்றி நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

காரடிக்கு வந்ததும், "சாவியைத் தாங்கோ, நான் ஓடுறன்" என்றேன். அன்று நான் விழுங்கியது முதல் தோட்டத்தில் இரண்டு மிடறுதான். ஏன் என்று கேட்காமல் தந்தார். கணவர் பின்சீற்றில் நித்திரை. பாலம் தாண்டும் வரை ரோட்டை மட்டும் பார்த்து ஓடினேன். ரொக்ஸ்பரோவில் இறங்கும்போது, "நல்ல நாள் பிள்ளை. அப்ப வாறன்" என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. ஓவர்டைம் என்றார். நத்தாருக்கு முன்பே வேலை போய்விட்டது. குடித்த மணத்தோடு போர்க்லிப்டில் ஏறியிருக்கிறார். சாப்பாடு கொண்டுபோனால் கதவு திறக்காது. "இப்ப வேண்டாம், பேந்து வா" என்ற குரல் மட்டும் உள்ளேயிருந்து வரும். சாப்பாட்டுப் பெட்டியை வாசலில் பனிக்கு மேல் வைத்துவிட்டு வருவேன். பனி கரையத் தொடங்கிய நாட்களில், வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று கிழமை இருந்தார்.

ஒரு பின்னேரம் நல்ல தெளிவோடு கேட்டார். "அண்டைக்கு நீ கண்டனி என்ன?"

"ஓம்."

"பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சந்தோசமா நிண்டியள் அண்ணை."

அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தார். "நீ சொல்லியிருந்தாலும் நான் குடிச்சிருப்பன்" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணையின் செத்தவீட்டுக்கு இருபது பேர்கூட இல்லை. அவருடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்து வந்து, என்னோடு ஆங்கிலத்தில் இரண்டு வசனம் கதைத்துவிட்டு, அன்றைக்கே திரும்பினார்கள்.

எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு, சமையலறையில் வைத்துக் கணவரிடம் சொன்னேன். அண்ணை அன்றைக்கு விழுங்கியதைக் கண்டேன் என்றும், கண்டும் பேசாமல் விட்டேன் என்றும். அவர் திடுக்கிடுவார், அல்லது என்னைத் தேற்றுவார் என்று நினைத்தேன்.

"நானும் கண்டனான்" என்றார்.

"கண்டிட்டோ காரிலை நித்திரை கொண்டனீங்கள்?"

"நித்திரை வரேல்லை. உன்ரை முகத்தைப் பார்க்கேலாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்."

அவருக்கு அன்று பின்னேர வேலை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி வெளிக்கிட்டார்.