பென்னி இடம் மாற்றிய பக்கங்கள்

ஸ்நேகா வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவாள். உள்ளே அவள் கணவன் பென்னி இருப்பான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் அவர்களுடையது கடைசி வீடு. ஒரே அறை, மூலையில் சமையல், பின்னால் குளியலறை. இருக்கிற ஒரு ஜன்னலும் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத்தான் திறக்கும்.

பென்னி கம்பி உருட்டும் ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்தவன். ஒரு நாள் தெறித்த இரும்புக் குழம்பில் இரண்டு கண்ணும் போயின. அதற்குப் பிறகுதான் ஸ்நேகா பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் அவள் பூட்டவில்லை. டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் தனியாகக் கிளம்பியவன், திசை தப்பி நெடுஞ்சாலையின் நடுவில் போய் நின்றுவிட்டான். இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. ஒரு அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றவனை அடுத்த வீட்டு லோகுதான் பார்த்து இழுத்து வந்தான். அன்று ஸ்நேகா அழுத அழுகையைக் கேட்டிருந்ததால், மறுநாள் காலையில் பூட்டு விழுந்த சத்தத்துக்கு அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. பல நாள் கழித்து ஒரே ஒரு தடவை, ஏன் பூட்டுகிறாய் என்று கேட்டான். "உன் நல்லதுக்குத்தான் பென்னி," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பகல் முழுக்க அவனுக்குத் துணை ஒரு பழைய லேப்டாப். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்துப் பழக்கியது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், எழுதலாம். அதற்கான தமிழ் உதவிப் பக்கங்களையும் ஆர்வலர்கள் பலர் பல வருடங்களாக ஆளுக்கொன்றாக எழுதிச் சேர்த்திருந்தார்கள். அதனாலேயே எல்லாம் குழப்பமாகக் கிடந்தது. ஒரே விஷயம் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். "படத்தில் சிவப்பு வட்டம் போட்ட இடத்தை அழுத்தவும்" என்று கண் தெரியாதவர்களுக்கு எழுதி வைத்திருப்பார்கள்.

ஒருநாள் காலையில் அந்தக் குரல் நின்றுபோனது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் பேச்சில்லை. குரல் நின்றால் என்ன செய்வது என்று உதவியின் கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது. ஆனால் அதைப் படித்துக் காட்டவும் அந்தக் குரல்தான் வேண்டும். ஸ்நேகா திரும்பி வரும்வரை பூட்டிய அறைக்குள் ஊமை மெஷினோடு உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணால் பார்த்துச் சரிசெய்து கொடுத்ததும், அந்த உதவிப் பக்கங்களை எழுதும் ஆர்வலர் குழுவுக்குக் கோபமாக ஒரு மெயில் எழுதினான்.

குழுவை ஒருங்கிணைத்தவள் மோனிகா. திருநின்றவூரில் இருந்தாள், கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துபவள். மெயிலைப் பார்த்துவிட்டு அவளே போன் செய்தாள்.

"நீங்க சொல்றது சரிதாண்ணா. புதுசா எழுத எல்லாரும் வராங்க, இருக்கிறதை ஒழுங்குபடுத்த ஆளே இல்ல. நீங்க செய்றீங்களா?"

செய்தான். மழைக்காலம் முழுக்க அதே வேலை. 'குரல் நின்றுவிட்டால்' என்பதை முதல் பக்கமாக வைத்தான். அடுத்து டைப் அடிப்பது, அதற்கப்புறம் கோப்புகள், இணையம். ஒரே விஷயத்தைச் சொன்ன பக்கங்களை ஒன்றாக்கினான். படங்கள் இருந்த இடத்தில் வார்த்தைகள் வந்தன. முடியும் நேரத்தில் மோனிகா சொன்னாள்: "பழைய பக்கங்களை உடனே எடுத்துடாதீங்கண்ணா. அதைப் பழகினவங்களை ஒரு தடவை கேட்டுக்கலாம்."

"சரி மேடம்," என்றான். ஆனால் கேட்கவில்லை. அந்தக் குப்பை இருந்தால்தானே திரும்பவும் குழப்பம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டான்.

பாராட்டி நிறைய மெயில் வந்தது. அந்த வாரமே ஒரு போனும் வந்தது. திருவாலங்காட்டிலிருந்து பரசுராமன் என்பவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர்.

"பென்னின்றது நீதானா?"

"ஆமா சார்."

"யாரைக் கேட்டுக்கினு எல்லாத்தையும் மாத்தின? எந்தத் தலைப்புக்கு அப்புறம் எது வரும்னு எனக்கு மனப்பாடம்யா. இன்னிக்கு அவசரமா ஒன்னு பாக்கணும்னு போனா, பக்கமே இல்லன்னுது. எதிர்ல ஆளு நிக்குது, நான் ஒன்னுந்தெரியாதவன் மாதிரி தட்டிக்கினே உக்காந்திருக்கேன்."

"உங்க நல்லதுக்குத்தான் சார் பண்ணேன்."

"என் நல்லது இன்னான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

தன் வாயிலிருந்து வந்தது ஸ்நேகாவின் வார்த்தை என்பது பென்னிக்கே கேட்டது. தன்னைக் கேட்காமல் தினமும் விழும் பூட்டு தனக்கு எதைச் செய்கிறதோ, அதையே முன்பின் தெரியாத ஒருவருக்குத் தானும் செய்திருக்கிறான்.

உடனே மோனிகாவைக் கூப்பிட்டான். அவள் குத்திக்காட்டவில்லை. உதவிப் பக்கங்களின் பழைய பதிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று மட்டும் சொன்னாள். இருவருமாகப் பழைய பக்கங்களை அந்தந்த இணைய முகவரியிலேயே திரும்ப வைத்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'இதன் புதிய வடிவம் இங்கே' என்று ஒரு வரி சேர்த்தார்கள். பிறகு பென்னி பரசுராமனுக்கே போன் செய்து ஒவ்வொரு பகுதியாகக் கேட்டான். மனிதர் முதலில் முறைப்பாகத்தான் பேசினார். போகப் போக, "அந்த முதல் பக்கம் மட்டும் நீ வச்ச இடத்துலயே இருக்கட்டும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் பென்னி பேச்சை எடுத்தான்.

"ஸ்நேகா, நீ ஊட்டைப் பூட்டிக்கினு போறியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா பூட்டுன்னா சொல்லுவ?"

"மாட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கணும்? நீ ரோட்ல நின்ன அன்னிக்கு எனக்கு உசுரே போச்சு. லைன்ல நின்னு பேக் பண்ணிக்கினே நாள் பூரா அதையே நெனைச்சுக்கினு இருக்கணுமா நானு?"

"உள்ள நானும் அப்படித்தான் இருக்கேன். அடுப்புல எதுனா ஆச்சுன்னா நான் எங்க ஓடுவேன்?"

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். அந்த வாரம் முழுக்கப் பூட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு காலையில், "உள் தாப்பா போட்டுக்கோ. லோகு ஊட்டுக்கு அந்தாண்ட போவாத," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டாள்.

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகு பென்னி கதவைத் திறந்தான். சுவரைத் தடவிக்கொண்டே லோகு வீட்டைத் தாண்டினான். கொஞ்ச தூரத்தில் சுவர் முடிந்துவிட்டது. அதற்கப்பால் கையில் படுவதற்கு ஒன்றுமில்லை. லாரிகளின் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. வெயில் முகத்தில் அடிக்க, அங்கேயே நின்றான். பிறகு வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான்.

குச்சி வைத்து நடக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்று அந்தத் தொண்டு நிறுவனத்திடம் கேட்டிருக்கிறான். கும்மிடிப்பூண்டி பக்கம் வர இன்னும் யாரும் கிடைக்கவில்லை. ஸ்நேகாவுக்கு நைட் ஷிப்டு விழும் வாரங்களில் கதவு இப்போதும் வெளியேதான் பூட்டியிருக்கிறது. அதைப் பற்றி இருவருக்கும் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.