மூன்று ஷிப்டுக்கு ஒரு சார்ட்

மற்ற வேலைகளில் வருகிறவர் சந்தேகம் கேட்பார். உணவு ஆலோசனை வேலையில் வருகிறவர் நமக்குப் பாடம் நடத்திவிட்டுப் போவார். அடுத்தவர் தட்டைப் பார்த்துப் புத்தி சொல்லிப் பிழைக்கும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஊட்டச்சத்து முதுகலைக்கு ஆறு வாரக் களப்பணி. நெய்வேலியில் ஒரு பிளாக் சமூகக்கூடத்தில் மேலை முறைக்கு நான், கீழை முறைக்குச் சித்த மருத்துவர் ரஹமத் அக்கா. ஒரே அறை, இரண்டு மேசை.

முதல் நாள், முதல் சண்டை

முதலில் வந்தவர் முருகையன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. கூடவே மனைவி சரசு அக்கா. மாத்திரை போட்டும் சர்க்கரை முன்னூறில் நின்றது. ஆறு வாரத்தில் கம்பெனியின் மெடிக்கல் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் கேட் பாஸ் கிடையாது. பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

சோற்றைக் குறைத்து, கொள்ளுப் பயறு சேர்க்கச் சொன்னேன், புரதம் என்று. நாடி பிடித்துக்கொண்டிருந்த ரஹமத் அக்கா நிமிர்ந்தார். "பித்த உடம்பு. கொள்ளு சூடு, ஆகாது." விடுவேனா? "நாடியில புரதம் எவ்வளவுன்னு தெரியுமாக்கா?" "உன் தராசுல பித்தம் எவ்வளவுன்னு காட்டு, ஒத்துக்கறேன்." அரை மணி நேரம் போராடி, குளிர்ச்சியும் புரதமும் உள்ள பச்சைப்பயறில் சமாதானம் ஆகப்போகும் நேரத்தில் சரசு அக்கா எழுந்துவிட்டார்.

"நீங்க பேசிகினு இருங்கம்மா, நாங்க போய் டீ குடிச்சிட்டு வந்துடறோம். அவருக்கு சக்கர போட்டுதான்."

பலாச்சுளைப் பஞ்சாயத்து

இரண்டாம் வாரம் முருகையன் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து என் மேசையில் இறக்கினார். சொந்த ஊர் காடாம்புலியூர், சீசன் வேறு. அந்த வாரம் அவர் எத்தனை சுளை சாப்பிட்டார் என்று கேட்டேன். "எண்ணலீங்க" என்றார். எண்ணாமல் சாப்பிடுகிறவரை வைத்துக்கொண்டு நான் எதைக் கணக்கிடுவது?

சர்க்கரை ஏறும் என்றேன் நான். சூடு ஏறும் என்றார் ரஹமத் அக்கா. சரித்திரத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே கட்சி. வாரத்துக்கு இரண்டே சுளை என்று தீர்ப்பும் சொன்னோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"பண்ருட்டி பக்கம் பொறந்தவன ரெண்டு சுளயோட நிறுத்தறீங்களே, மைன்ஸ்ல கூட இவ்ளோ கண்டிஷன் இல்லீங்க."

கோபம் யார்மேல்?

மூன்று வாரம் முடிந்தது. சர்க்கரை இறங்கவில்லை, ஒருநாள் ஏறியும் ஒருநாள் சரிந்தும் ஆட்டம் காட்டியது. வேலையில் தலைசுற்றல் வேறு. ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டி, குறுக்கு விசாரணைக்குத் தயாரானேன்.

முருகையன் சாப்பாட்டுப் பையிலிருந்து, நாங்கள் ஆளுக்கொன்றாக எழுதிக் கொடுத்திருந்த சார்ட்டுகளை எடுத்து விரித்தார். என்னுடையதில் காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு. ரஹமத் அக்காவுடையதில், சூரியன் மறைந்தபின் சாப்பிடாதே. இரண்டும் முரண்பட்ட இடத்தில், வயதில் மூத்த டாக்டர் என்று ரஹமத் அக்கா பேச்சையே கேட்டிருக்கிறார். நைட் ஷிப்ட் வாரத்தில் விடியலில் வீடு திரும்பி, எட்டுக்குச் சாப்பிட்டுப் படுப்பார். சரசு அக்கா சரியாக ஒரு மணிக்கு எழுப்பிச் சோறு போடுவார். பொழுது சாய்வதற்குள் இன்னொரு வேளை. அதற்கப்புறம் விடியவிடிய பச்சைத் தண்ணீர், மாத்திரை போட்ட உடம்போடு. உலகத்திலேயே எங்கள் இரண்டு சார்ட்டையும் வரிக்கு வரி மதித்த ஒரே மனிதர்! நைட் ஷிப்ட் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காத நானா அவரை விசாரிப்பது?

"ஏமாத்தல மேடம், மணி அடிச்ச மாதிரி சாப்ட்டேன். என்ன, மணி உங்களுது, ஒடம்பு என்னுது."

மெடிக்கல் வந்தது

அன்றே அவரைச் சர்க்கரை டாக்டரிடம் அனுப்பி, மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்கினோம். மூன்று ஷிப்டுக்கும் மூன்று கட்டம் போட்டுப் புது சார்ட் எழுதினோம்; எந்த ஷிப்டானாலும் சாப்பாடு எழுந்ததும், பஸ் ஏறுமுன், வேலை நடுவில். "நைட் ஷிப்ட்காரனுக்கு எழுந்திருக்கறப்பதான் விடியல்" என்றார் ரஹமத் அக்கா. அதையே சார்ட்டுக்குத் தலைப்பாக எழுதினேன்.

மெடிக்கல் முடிந்து சரசு அக்கா ரிப்போர்ட்டோடு வந்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. பாஸ் மூன்று மாதத்துக்கு உண்டு, பிறகு மறுபடி பரிசோதனை. அளவுச் சாப்பாடுதான் காரணம் என்று நான் ஆரம்பித்தேன். பச்சைப்பயறு என்றார் ரஹமத் அக்கா. குரல் உயர்ந்தது. சரசு அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஆறு வாரத்தில் நாங்கள் ஒருநாள்கூட அவரை எடை பார்த்ததில்லை.

"யாரு கொறச்சதுன்னு அப்பறமா அடிச்சிக்கலாம். மூணு ஷிப்டுக்கும் அலாரம் வெச்சி எழுந்து ஆக்கிப் போட்டவ நானு, மொதல்ல எனக்கு ஒரு சார்ட்டு போடுங்க."

கிழக்கையும் மேற்கையும் இணைத்துவிட்டதாகக் களப்பணி அறிக்கையில் எழுதிவிட்டேன், தோழர்களே; சரசு அக்காவின் அடுப்படியையும் அதில் சேர்ப்பதற்கு மட்டும் பேராசிரியரிடம் இன்னும் ஆறு வாரம் கேட்டிருக்கிறேன்.