உப்பில்லாச் சோறும் கோவளத்துக் கடலும்

உப்பில்லாத ரசம் கொதிக்கும்போது வாசனையில் எந்தக் குறையும் தெரியாது. மிளகும் பூண்டும் கொத்தமல்லியும் சேர்ந்து, தெருமுனையில் வரும்போதே பசியைக் கிளப்பிவிடும். தட்டில் ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்த பிறகுதான் நாக்கு ஏமாந்துபோகும். வாயில் சோறு இருப்பதும் தெரியும், ஒன்றுமே இல்லாததுபோலவும் இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் இரண்டு வேளையும் அந்தச் சாப்பாடுதான். அம்மாவுக்கு உடம்பு கெட்டதிலிருந்து, அவளுக்கென்று சொன்ன சாப்பாடு எங்கள் எல்லோருக்குமான சாப்பாடாகிவிட்டது.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, உங்களில் யார் வீட்டிலாவது ஒருவர் நீண்ட நாளாக நோயில் படுத்திருந்தால் நான் சொல்வது சட்டென்று புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டிருந்தன. எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்கவில்லை. "வீக்கம்" என்றுதான் சொல்வோம். காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். சாயங்காலத்துக்குள் அது இறங்கிக் காலுக்கு வந்துவிடும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி மூடுவதற்குள் நாம் வேறு வேலையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற இன்றைய வைத்தியமெல்லாம் அன்று எங்களைப் போன்றவர்கள் காதில்கூட விழவில்லை. மாத்திரை, படுக்கை, "பத்தியம்", இவ்வளவுதான். பட்டணத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவிடம் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: "ஒரு கல் உப்புகூட உள்ள போகக் கூடாது."

அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். நட்டை இறுக்கிவிட்டு நாலடி நடந்த பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். அதன் பின்னாலேயே ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் போயின. "அவ ஒருத்தி மட்டும் சப்புனு தின்னுகினு இருக்க, நாம உப்பு போட்டுத் தின்னா தொண்டையில எறங்குமா?" என்றார். ஸ்டெல்லா அக்காவும் நானும் தலையாட்டினோம். அக்கா தாவணி போடத் தொடங்கியிருந்த வயது. நான் அரைக்கால் சட்டை. அம்மாதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நோவு எனக்குத்தான். வீடு முழுக்க எதுக்கு நோயாளி ஆவணும்? புள்ளைங்க எளைச்சுப் போவுதுங்க" என்பாள். அப்பா காதில் வாங்கமாட்டார்.

வீடு மெல்ல மெல்ல ஓய்ந்துபோனது. அக்கா விடியும் முன் எழுந்து சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அப்பா வேலையிலிருந்து வந்து கிரீஸ் கையைக் கழுவிய கையோடு துணிக்குச் சோப்புப் போடுவார். நான் கிணற்றில் இறைத்து இறைத்துக் குடங்களை நிரப்புவேன். வீட்டில் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. விளக்கு வைத்ததும் ஆளுக்கொரு மூலையில் சுருண்டுவிடுவோம்.

அப்படியிருந்த வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவா மாமா வருவார். அம்மாவின் தம்பி. தாம்பரத்து பேக்கரி ஒன்றில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து நேராக வந்தவர், "உனக்கு எதுனா வேணுமா அக்கா?" என்று கேட்டார். பழம், பார்லிப் பொடி என்று ஏதாவது சொல்வாள் என நினைத்திருப்பார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, "கடலைப் பாக்கணும் தேவா" என்றாள்.

அம்மா பிறந்து வளர்ந்தது கடற்கரைக் குப்பம் ஒன்றின் ஓரத்தில். கல்யாணமாகி வரும்வரை அலைச் சத்தம் கேட்காமல் தூங்கியதே இல்லையாம். தாம்பரத்தில் ரயில் சத்தம்தான். அதற்குப் பழகிக்கொண்டாள், ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனால்தான் அவள் வாய்விட்டுக் கேட்டபோது மாமா மறுபேச்சுப் பேசவில்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் பேக்கரி வண்டி சும்மாதான் நிற்கும். முதலாளியிடம் கேட்டு அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு பல ஞாயிறுகள் அதில்தான் கோவளம் போய்வந்தோம்.

அதை நாங்கள் "பிரெட் வண்டி" என்போம். முன்னால் டிரைவர் பக்கத்தில் தலையணை வைத்து அம்மாவை உட்காரவைத்து, அவளை அணைத்தாற்போல் அப்பா உட்கார்ந்துகொள்வார். பின்னால், காலியான மரத் தட்டுகளுக்கு நடுவே, அக்காவும் நானும். உள்ளே ரொட்டி மணம் அப்படியே தங்கியிருக்கும். வண்டலூரில் திரும்பி, ஏரிக்கரையும் பனைமரமுமாகப் போகிற அந்தச் சாலையில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் தட்டுகள் கடகடவென்று பேசிக்கொள்ளும். கேளம்பாக்கம் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் உப்பு குவியல் குவியலாக வெள்ளை வெளேரென்று கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது.

"லில்லி, நேரா ரோட்டைப் பாரு. இங்க ஒண்ணும் இல்ல" என்றார் அம்மாவிடம்.

"இன்னா மச்சான், கண்ணால பாத்தாகூட வீங்குமா?" என்றார் மாமா.

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. பின்னாலிருந்த நாங்களும், என்ன ஏதென்று தெரியாமலேயே சிரித்தோம்.

கோவளத்தில் மாதா கோயிலைத் தாண்டி, சவுக்கு நிழலில் ஜமக்காளத்தை விரித்து அம்மாவை உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்துகொள்ளக் கையை ஊன்றினாள். தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வருகிறேன் என்றாள். அப்பா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். வீங்கிய காலில் உப்புத் தண்ணீர் படுவதா என்பது அவர் பயம். "மாங்காயை உப்புத் தண்ணியில போட்டு வெச்சா உப்பு உள்ள எறங்குதா இல்லியா? காலு மட்டும் இன்னா கல்லா?" என்று கேட்டார்.

"அப்போ மீன் புடிக்கிறவன்லாம் இந்நேரம் ஊறுகா ஆயிருக்கணும் மச்சான்" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. அவர் பயத்துக்கு முன்னால் எந்த வேடிக்கையும் எடுபடாது. அம்மாவுக்கும் வாதாட மூச்சில்லை. "சரி, அடுத்த வாட்டி" என்று அவள்தான் அவரைச் சமாதானப்படுத்தினாள். நாங்கள் அலையில் விளையாடிவிட்டு ஓடிவந்தால், வீட்டிலிருந்து கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரில் எங்கள் காலைக் கழுவிவிட்ட பிறகுதான் ஜமக்காளத்தில் ஏறவிடுவார் அப்பா. எங்கள் பாதத்து ஈரம் அம்மாமேல் பட்டுவிடுமாம்.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப்போல் எங்கள் வீட்டுக்கு வேறு நல்ல நாள் வாய்க்கவில்லை. தூரத்தில் வரும் கட்டுமரத்தைக் காட்டி, அதில் இருப்பவன் இன்றைக்கு மீனோடு வருகிறானா வெறுங்கையோடு வருகிறானா என்று அம்மா சொல்வாள். அவன் தோள் சாய்ந்திருப்பதிலேயே தெரிந்துவிடுமாம். அக்கா புத்தகப் பையை மறந்து, சமையலை மறந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நண்டு துரத்துவாள். அப்பா பனியனோடு மணலில் மல்லாந்து படுத்து, சற்று நேரத்தில் குறட்டை விடுவார். "பாரு, வீட்டுல கண்ணு மூடாத மனுஷன்" என்று அம்மா தன் முந்தானையால் அவர் முகத்துக்கு வெயில் மறைப்பாள். அங்கே உட்கார்ந்து தின்ற உப்பில்லாப் புளிச்சோறுகூட எப்படியோ ருசித்தது. கடற்காற்றிலிருந்து நாக்கு தனக்கு வேண்டியதைத் திருடிக்கொண்டது போலும்.

ஒவ்வொரு முறையும் அம்மா தண்ணீரைக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அப்பா மாங்காயைச் சொல்வார்.

அந்த வருஷத்து மழைக்காலம் முடிந்தபோது வீக்கம் வயிற்றுக்கு ஏறியிருந்தது. பத்தடி நடந்தால் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் அக்காவும் நானும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மின்சார ரயிலில் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். அப்பா கும்பிட்டுவிட்டு நகர்ந்தபோது அம்மா நகரவில்லை. "இவரு உங்களை ஒண்ணு கேக்கணும்னாரு சார்" என்றாள். அப்பா அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர்கள் முன்னால் அவருக்கு வாயே வராது. மாட்டிக்கொண்டவர்போல விழித்துவிட்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கடல் தண்ணியில காலை நனைச்சா உப்பு ஒடம்புல ஏறுங்களா சார்?"

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "ஏறாது. தாராளமா நனைக்கட்டும்" என்றார். பிறகு அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "போக முடியிறப்பவே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் அப்பா பேசிக்கொண்டே வந்தார். சைதாப்பேட்டையில் ஒருமுறை, பல்லாவரத்தில் ஒருமுறை, "ஏறாதாம் லில்லி, அவரே சொல்லிட்டாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா சிரித்தபடி கேட்டுக்கொண்டாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்த முகத்தைத் திருப்பவேயில்லை. அம்மாவின் கை அவள் முழங்கால்மேல் இருந்தது. டாக்டர் கடைசியாகச் சொன்னது அவர்கள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. அப்பா அதைக் கேட்டாரா, கேட்காமலேயே வந்துவிட்டாரா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறே போனோம். அம்மாவால் மணலில் நடக்க முடியவில்லை. "உப்பு மூட்டை தூக்கிக்கோ மச்சான், இன்னிக்குத்தான் டாக்டர் உத்தரவு ஆயிடுச்சே" என்றார் மாமா. அன்றைக்கு அப்பாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் கைகளைக் கோத்து நாற்காலிபோல் ஆக்கி அம்மாவை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈர மணலில் அவளை இறக்கி நிறுத்தி, அப்பா பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். முதல் அலை வந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது அலை திரும்பும்போது, "காலுக்கடியில மண்ணு ஓடுது, புடிச்சுக்கோங்க, புடிச்சுக்கோங்க" என்று சின்னப் பெண்போலச் சிரித்தாள். நாங்களும் போய்ப் பக்கத்தில் நின்று கையைக் கோத்துக்கொண்டோம்.

மற்ற நாட்களில் அப்பாதான் முதலில் கிளம்பச் சொல்வார். பனி விழுமுன் அம்மாவை வீடு சேர்க்க வேண்டும் என்று பறப்பார். அன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது, காற்று குளிர்ந்தது, அவர் அம்மாவைத் தாங்கியபடியே நின்றார். வேட்டி தொடைவரை நனைந்து கனத்துத் தொங்கியது. "கெளம்பலாமா மச்சான்?" என்று மாமா கேட்டபோது அப்பா பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார். கடைசியில் அம்மாவே, "போதுங்க. நீங்க ரொம்ப நனைஞ்சுட்டீங்க" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நில்லு" என்றார் அப்பா.

அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் சொன்ன இரண்டையும் அவர் கேட்டிருக்கிறார்; ஒன்றை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டு, மற்றதைத் தாம்பரம் வரைக்கும், அந்த வாரம் முழுவதும், தனியாகச் சுமந்திருக்கிறார். அதற்குப் பிறகு நாங்கள் கோவளம் போகவில்லை. கோடை வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அப்பாவும் இன்று இல்லை. தேவா மாமாவும் இல்லை. எங்கள் ஓட்டு வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. வண்டலூரிலிருந்து போகிற சாலையில் இப்போது வண்டி தூக்கிப் போடுவதில்லை. இரு பக்கமும் பிளாட்டுகள், கல்லூரிகள், சிக்னல்கள். சமீபத்தில் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோவளம் போயிருந்தேன். மாதா கோயிலை அடையாளம் வைத்து நாங்கள் நின்ற இடத்தைத் தேடினேன். சவுக்குகள் இல்லை. கடல் உள்ளே வந்துவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டிவைத்திருக்கிறார்கள். அலை வந்து கல்லில் அடித்துவிட்டுத் திரும்புகிறது, கால் வைக்க மணல் இல்லை. "இங்க எறங்க முடியாதுப்பா, அந்தப் பக்கம் போலாம்" என்று என் மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்து, அந்த இடமே இல்லை என்று சொன்னேன்.

"அப்பா இருந்திருந்தா அந்தக் கல்லு மேல ஏறியாவது நின்னிருப்பாருடா" என்றாள்.