மட்டம் பார்க்கிற மாப்பிள்ளை

மட்டம் போடுகிறான் என்று சொன்னவர்கள் வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்ளட்டும். எதிர்வீட்டுப் பியூட்டி பார்லர்க்காரியின் நாற்காலியில் யார் போய் உட்கார்ந்தாலும், புருவம் திருத்தி எழுந்திருப்பதற்குள் என் மாப்பிள்ளையின் கதையும் அங்கே திருத்தப்பட்டுவிடும். "ஆம்பளை வேலைக்கு மட்டம் போட்டுட்டு அடுப்படியில பால் டப்பாவோட நிக்கிறான். மாமியார்க்காரி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா." நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நிஜம். கட்டிப்போட்டது யார் என்று ஒருத்தியாவது கேட்டாளா? என் மாப்பிள்ளைதான் கட்டிப்போட்டார்.

டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் குனிந்து விரல் முட்டியால் தரையைத் தட்டுவார். "உள்ள காத்து இருக்கு. ரெண்டு வருஷத்துல பேந்துடும்" என்பார். வீட்டுக்காரர்கள் காப்பி கொடுக்கும் யோசனையை அதோடு விட்டுவிடுவார்கள். காதில் எப்போதும் ஒரு தட்டைப் பென்சில். தலை துவட்டும்போது எடுத்து வைத்துவிட்டு, துவட்டி முடித்ததும் தலை சீவுவதற்கு முன் அதைத்தான் தேடுவார். பெற்ற குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதும் பென்சில் காதில்தான் இருந்தது. நர்ஸ் எடுக்கச் சொன்ன பிறகுதான் எடுத்தார்.

குழந்தை ஒரு மாதம் முந்திப் பிறந்தது. தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். என் மகளுக்கோ பிரசவத்தோடு உடம்பு கெட்டுவிட்டது. அவள் சாப்பிடுகிற மருந்து பாலில் இறங்கும், மருந்து முடிகிறவரை புட்டிப்பால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மருந்தைப் போட்டால் அவளுக்குக் கண் சொக்கிவிடும். எழுந்து நின்றால் சுவரைப் பிடிக்க வேண்டும். "நான் இருக்கேனே, நாலு பெத்தவ" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். சிரித்துவிட்டு மேஸ்திரியிடம் போனில் லீவு சொன்னார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதையெல்லாம் மனிதர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பொடி டின்னுக்குள் சீல் போட்டு வந்தாலும் அதில் கிருமி இருக்கலாமாம். அதனால் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இறக்கி, அரை மணி நேரம் ஆவதற்குள் பொடியைப் போட்டுவிட வேண்டுமாம். அந்தச் சூட்டில்தான் கிருமி சாகும். "வெதுவெதுப்பான தண்ணியில கலக்கினா போதாதா? அப்பவே குடுத்துடலாமே" என்று நான் கேட்டேன். "அத்தை, வெதுவெதுப்பு கிருமிக்கும் சுகமா இருக்கும்" என்றார்.

அடுப்பு மேடையில், தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடிவிட்டது. இத்தனை வருஷம் அந்தச் சாய்ந்த மேடையில்தான் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு உயிரோடு இருந்தோம், அது வேறு விஷயம். வேலை செய்த இடத்தில் மிஞ்சிய வெள்ளை டைல் ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் அட்டை சொருகி, குமிழி நடுவில் நிற்கும்வரை தட்டித் தட்டிப் பதித்தார். அது பால் புட்டி நிற்பதற்கென்று. வேறெதையும் அதன் மேல் வைக்கக்கூடாது. ஒருநாள் தெரியாமல் வெங்காயத்தை வைத்துவிட்டேன். கோயில் படியில் செருப்பை வைத்த மாதிரி பார்த்தார்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கொதிக்கும் பானையிலிருந்து புட்டியை இடுக்கியால் எடுப்பார். முதலில் தண்ணீர். ஊற்றிவிட்டுத் தரையில் மண்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புட்டியின் அளவுக்கோடும் தண்ணீரும் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் பொடி. டின்னோடு வந்த அளவுக் கரண்டியில் எடுத்து, அழுத்தாமல், கொதிக்கவைத்துக் காயவிட்ட கத்தியின் முதுகால் தலையைத் தட்டுவார். "மட்டமா இருக்கணும் அத்தை" என்பார். ஊரில் மட்டமானவன் என்றால் வசவு. இந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒவ்வொரு கரண்டிக்கும் அந்த வெள்ளை டைல் கல்லில் பென்சிலால் ஒரு கோடு. மூடி போட்டுக் கலக்கி, குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார். இவ்வளவும் முடிவதற்குள் குழந்தை அழுது, ஓய்ந்து, மறுபடி அழ ஆரம்பித்திருக்கும்.

பார்லர்க்காரிக்குக் கதை கிடைத்தது இந்தக் கரண்டியில்தான். ஒருநாள் கதவு திறந்திருக்க, உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இன்னிக்கும் மட்டமா?" என்று கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை மூன்றாவது கரண்டியிலோ நான்காவதிலோ இருந்தார். கோடு போடக் கை போவதற்குள் கேள்வி வந்துவிட்டது. அவளைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்தார். சாயங்காலத்துக்குள் மாடிக்கு மாடி செய்தி போய்விட்டது: "ஒரு வார்த்தை கேட்டதுக்குப் பாலைக் கொட்டிட்டான்மா, அவ்வளவு திமிரு! நாலு கரண்டி எண்ணத் தெரியாதா?" எண்ணத் தெரிந்தவர்தான் கொட்டுவார் என்று அவளுக்கு யார் சொல்வது? எனக்கே அப்போது தெரியாது. பொடி விற்கிற விலையில் இது என்ன கொழுப்பு என்று நானும்தான் முணுமுணுத்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை குளிக்கப் போகும் வேளைகளில் ஒரு புட்டி கலக்க எனக்கு உத்தரவு கிடைத்திருந்தது. பூஞ்சைக் குழந்தை, கொஞ்சம் தேறட்டுமே என்று கரண்டியைக் குவித்துப் போட்டேன். சின்னக் குவியல்தான், இப்போதும் சொல்கிறேன். நான்கு நாள் போட்டேன். குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டது. முகம் சிவக்க முக்கி, வீல் வீலென்று கத்தியது. குடிக்கவும் மறுத்தது. ஏற்கெனவே எடை இல்லாத பிள்ளை. மகள் மருந்து மயக்கத்தில் எழுந்து உட்கார்ந்து அழுதாள்.

மாப்பிள்ளை டின்னை எடுத்து, தரையைத் தட்டுகிற மாதிரி விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். "பொடி இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கணுமே" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட கேள்வியில் சுவர் அதிர்ந்தது. "கரண்டி போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சிஸ்டர். மட்டம் பாக்காம போட்டுட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

"கூடப் போட்டா சத்து ஏறாது, பிள்ளை உடம்புல தண்ணிதான் குறையும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல? நீங்கள்லாம் எப்படித்தான் தரை போடுறீங்களோ!"

தொழிலைச் சொன்னால் அவருக்கு முகம் கறுத்துவிடும். அன்றைக்கும் கறுத்தது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அத்தை, அடியில மேடா இருந்தாலும் கல்லு உடையும், பள்ளமா இருந்தாலும் உடையும்." நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காற்று பலமாக அடித்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது.

குழந்தை தேறியது. அந்த வாரமே மேஸ்திரி போன் செய்தார். பள்ளிக்கூடக் கட்டடம், நாற்பது அறைக்குத் தரை. "திங்கக்கிழமை காலையில நீ வந்து நிக்கலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்பா, வருத்தப்படாதே." போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

மூன்று நாள் எனக்குப் பரீட்சை நடந்தது. முதல் நாள் கொதித்த புட்டியை எடுத்து, ஈரம் போக முந்தானையால் பளபளவென்று துடைத்து வைத்தேன். மாப்பிள்ளை அதை இடுக்கியால் எடுத்து மறுபடி பானைக்குள் போட்டார். இரண்டாம் நாள் குழந்தை குடித்து மிச்சம் விட்ட பாலை, அடுத்த வேளைக்கு ஆகட்டுமே என்று அலமாரியில் ஒளித்து வைத்தேன். அலமாரியைத் தட்டிப் பார்த்தாரோ என்னவோ, கண்டுபிடித்துவிட்டார். குழந்தை வாய் வைத்த பால் அதோடு சரி. வாய் வைக்காத பாலுக்கும் இரண்டு மணி நேரம்தான் ஆயுள். எனக்கு எழுத்தும் படிக்கத் தெரியாது, எண்ணும் படிக்கத் தெரியாது; ஆனால் கடிகாரத்தின் முள் தெரியும். அதற்காக வெள்ளைக் கல்லின் ஓரத்தில் இரண்டு கடிகாரம் வரைந்தார். பால் கலக்கிய நேரத்தின் முள் ஒன்றில், கொட்ட வேண்டிய நேரத்தின் முள் இன்னொன்றில். ஒவ்வொரு வேளையும் அழித்து அழித்து வரைந்து காட்டினார். மூன்றாம் நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றார். "சரியா?" என்று கேட்டேன். "திங்கக்கிழமை பாக்கலாம் அத்தை" என்றார். பெற்ற அப்பனிடம்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

திங்கட்கிழமை. சிமென்ட் படிந்த பேன்ட், தோளில் பை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரசமட்டம். ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெறுந்தரையில். கிளம்பாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மேஸ்திரியின் வண்டி ஹார்ன் அடித்தது. உள்ளே குழந்தை அழுதது. நான் தண்ணீர் ஊற்றி, மண்டி போட முடியாததால் முக்காலியில் உட்கார்ந்து, புட்டியின் கோட்டைப் பார்த்தேன். முதல் கரண்டி, தலை தட்டி, கரித்துண்டால் கல்லில் ஒரு கோடு. இரண்டாவது.

எதிர்க்கதவு திறந்தது. "அடேயப்பா, இன்னிக்கு மட்டம் போடலையா தம்பி? ஏங்க்கா, நீங்களா பால் கலக்கிறீங்க, உங்களுக்குத் தெரியுமா?"

என் வாயில் அவளுக்கு நல்ல பதில் ஒன்று வந்து நின்றது. ஆனால் கையிலிருந்த கரண்டி மூன்றாவதா, நான்காவதா? கல்லைப் பார்த்தேன். கோடு போட்டேனா, போடவில்லையா? ஹார்ன் மறுபடி அடித்தது. குழந்தை வீறிட்டது. நான் பதிலை விழுங்கிவிட்டு, புட்டியைக் கவிழ்த்து முழுக்கக் கொட்டினேன். கெட்டிலை அடுப்பில் வைத்தேன்.

மாப்பிள்ளை செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார். புட்டியைப் பார்க்கவில்லை. கெட்டிலையும் பார்க்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து, வெள்ளைக் கல்லின் மேல், உருளாமல் இருக்கத் தட்டைப் பக்கமாக வைத்தார். "வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, வெறுங்காதோடு படியிறங்கிப் போனார்.