மஞ்சள் சேலைக்குள் இருக்கும் அடிமரம்

சென்ற புதன்கிழமை காலை, ஜெயங்கொண்டத்தில் எங்கள் தெருமுனை வேம்பின் கீழ் பச்சைக் கொத்துகள் சிதறிக் கிடந்தன. சருகு உதிர்ந்தால் நான் கவலைப்படுவதில்லை. இலையும் பழமுமாகக் குச்சிகள் விழுந்தால்... அண்ணாந்து பார்க்கத்தான் செய்கிறேன். வெள்ளியன்று அதே மரத்தடியில் ஆடிக் கூழ்!

நான் கல்லூரியில் தாவரவியல் பயின்றவன் என்பது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு ராசாத்தி என்னைத்தான் அழைத்தார்.

“ஆத்தா ஏதோ கோவமா இருக்கா போல சார். பாத்துச் சொல்லுங்க. சனமெல்லாம் இங்கதான் உக்காரப் போவுது.”

குனிந்து பார்த்தேன். சில குச்சிகளின் முனை சாய்வாகக் கடிபட்டிருந்தது – அணிலின் வேலை. சில நார் நாராகப் பிய்ந்திருந்தன – ஆடிக்காற்று. வெயில் படாத உட்குச்சிகளை முதிர்ந்த மரம் தானே உதிர்த்துவிடுவதும் உண்டு. இவை மரத்தின் அன்றாடம். அஞ்ச வேண்டியவை வேறு: பெருங்கிளை பிரியும் கவட்டில் விரிசல், அடிமரத்தில் பொந்து, வேரருகே காளான்.

அங்கேதான் சிக்கல். அடிமுதல் கவடுவரை, நேர்ந்துகொண்டவர்கள் ஆண்டுதோறும் சுற்றிய மஞ்சள் சேலைகள்... ஒன்றன்மேல் ஒன்றாக!

“குச்சி விழறதுல பயமில்லம்மா, அணிலும் காத்தும் பண்ற வேலதான். ஆனா அடிமரத்தப் பாக்காம முழுசாச் சொல்ல முடியாது. சேலையக் கொஞ்சம் அவுத்தா—”

“ஆத்தா சீலைய அவுக்கறதா? நீங்களா சார் இப்படிப் பேசறது?”

இத்தனை காலம் கட்டிக்காத்த மரியாதை ஒரு கணம் ஆட்டம் கண்டது. குரலைத் தாழ்த்தினேன். “கூழ் அடுப்பையாவது மரத்த விட்டுத் தள்ளிப் போடுங்களேன்.”

“நெழலு இங்கதான சார் இருக்கு!”

மாலைக்குள் தெருவெங்கும் செய்தி: ‘ஒண்ணும் ஆவாதுன்னு சாரே சொல்லிட்டாரு.’ நான் சொன்ன ‘ஆனா’ எங்கே போயிற்று? படித்தவனிடம் கேட்பவர்கள், விடையில் தித்திக்கும் பாதியை மட்டுமே எடுத்துச் செல்கிறார்கள். மறுபாதி அவனிடமே தங்கிவிடுகிறது.

வியாழன் முழுவதும் காற்று. மனைவியிடம், “நாளைக்கு நீ கூழுக்குப் போக வேணாம்” என்றேன்.

“ஊருக்கு ஒண்ணும் ஆவாதுன்னீங்களாம். எனக்கு மட்டும் ஆவுமா?”



வெள்ளியன்று முதல் ஆளாகச் சென்றேன். பந்தியை மறுபக்கம் அமர்த்தச் சொன்னேன். வெயில் என்று மறுத்துவிட்டார்கள். ஆகவே பெருங்கிளைக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு நானே அமர்ந்தேன். முறியும் கிளை சில சமயம் முன்னதாக முனகும். அந்த முனகலை நான் முதலில் கேட்டால், கத்தவாவது செய்யலாம் அல்லவா?

நடந்தது வேறு. தயங்கி ஒதுங்கி நின்ற சிலரைப் பார்த்து ராசாத்தி கை தட்டி அழைத்தார்.

“வாங்கடி! சாரே மரத்தடியில உக்காந்துட்டாரு. இனிமே என்ன பயம்?”

கைக்குழந்தைகளோடு வந்து என்னைச் சுற்றி அமர்ந்தார்கள். காற்று வீசியது. ஒரு கொத்து என் மடியில் விழுந்தது; நான் துள்ளி எழுந்தேன். பெண்கள் சிரித்தார்கள்.

“அணிலுக்கு சார் மேல ஆசையப் பாரேன்!”

மரம் அன்று முனகவில்லை. கூழ் அபார ருசி என்றார்கள். இருக்கலாம்... அச்சத்தில் அமர்ந்திருப்பவன் நாக்குக்கு அது எங்கே தெரிகிறது?